வாக்கு, வேலை, ஹர்லிங் மட்டை: அயர்லாந்து பற்றி வாசகர் கேட்டவை

திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் இம்முறை பெரும்பகுதி அயர்லாந்தைப் பற்றியது. தாதியாக, பராமரிப்பு உதவியாளராக, மாணவராக அங்கே போன பிள்ளைகளின் வீட்டார் எழுதியிருக்கிறார்கள். அந்த ஊர்ச் சனம் தேநீர் வேளையில் எதைப் பற்றி வாதாடுகிறது, அந்தப் பேச்சில் நம் பிள்ளைகளுக்கு என்ன இடம் என்பதுதான் அநேகமாக எல்லாக் கடிதங்களிலும் ஓடுகிற கேள்வி.

கேள்வி: என் மகள் கோர்க் நகரில் தாதியாக வேலை செய்கிறா. கூட வேலை செய்கிற ஐரிஷ்காரர் எந்நேரமும் கவுன்சில், ரோட்டு, வீட்டு வாடகை என்றுதான் கதைப்பார்களாம். "நாங்கள் வெளியாட்கள், எங்களுக்கு வோட்டா இருக்கு" என்று இவ வாய் திறக்கிறதில்லை. உண்மையிலேயே வாக்கு இல்லையா?
– வாசகி, உப்புவெளி

பதில்: இருக்கிறது. உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்க அங்கே பிரஜாவுரிமை தேவையில்லை. 18 வயது நிரம்பி, அந்த முகவரியில் வழமையாக வசித்தால் போதும். இலங்கைக் கடவுச்சீட்டோடு வேலை அனுமதியில் இருப்பவரும் வாக்களிக்கலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையான டோல், ஜனாதிபதி, பொதுசன வாக்கெடுப்பு, ஐரோப்பியப் பாராளுமன்றம் ஆகியவற்றில்தான் அவருக்கு வாக்கில்லை. பிரித்தானியப் பிரஜைகள் டோலுக்கும் வாக்களிக்கலாம். மற்ற ஐரோப்பிய ஒன்றியத்தார் உள்ளூராட்சிக்கும் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கும் வாக்களிக்கலாம்.

பதிவு தானாக நடக்காது. வாக்காளர் பதிவேட்டு இணையத்தளத்தில் பி.பி.எஸ். இலக்கம் (அரச சேவைகளுக்கான தனிநபர் இலக்கம்), பிறந்த திகதி, ஏழு எழுத்து-இலக்கம் கொண்ட எயர்கோட் எனும் அஞ்சல் குறியீடு மூன்றையும் கொடுத்துப் பதிய வேண்டும். இணையம் சரிவராவிட்டால் கவுன்சில் அலுவலகத்தில் படிவம் இருக்கிறது. பிழைகள் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, பிரஜாவுரிமைப் பகுதியில் கவனமில்லாமல் வேறு நாட்டைத் தெரிவுசெய்வது. மற்றது வீடு மாறுவது. வாடகைக்கு இருப்பவர்கள் அடிக்கடி இடம் மாறுவார்கள், பதிவோ பழைய வீட்டிலேயே கிடக்கும். தேர்தல் நாளில் பெயர் ஊரின் மறுகோடியில் உள்ள வாக்களிப்பு நிலையத்தில் இருக்கும். வீடு மாறிய வாரமே முகவரியைத் திருத்தச் சொல்லுங்கள். கடைசி உள்ளூராட்சித் தேர்தல் 2024 ஜூன் 7இல் நடந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் அடுத்தது 2029. அதுவரை பொறுத்திருக்காமல் இப்போதே பதிந்து வைப்பதுதான் நல்லது. பதிவேட்டில் பெயர் உள்ளவரின் கதவைத்தான் வேட்பாளர் முதலில் தட்டுவார்.

ஐரிஷ் பிரஜாவுரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் ஐந்து ஆண்டுக் கணக்கு வேண்டும்: விண்ணப்பத்துக்கு உடனே முந்திய ஓராண்டு தொடர்ச்சியாகவும், அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் நான்கும். அந்தக் கடைசி ஆண்டில் 70 நாள் வரை நாட்டுக்கு வெளியே இருக்கலாம். ஆகவே திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் ஊருக்கு வருவதை அந்த ஆண்டில் எண்ணித்தான் செய்ய வேண்டும். மாணவர் குடிவரவு முத்திரையில் கழித்த காலம் கணக்கில் வராது. விண்ணப்பக் கட்டணம் 175 யூரோ, சான்றிதழுக்கு 950 யூரோ. இன்னொன்றும் கவனம்: வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தால் இலங்கைப் பிரஜாவுரிமை அற்றுப்போகும். இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். காணி உறுதி விஷயமாக அலைகிறவர்களில் பலர் இதைக் கவனிக்காமல் விட்டவர்கள்.

கேள்வி: அயர்லாந்துத் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கம் போடுவார்கள் என்று படித்தேன். நம் விருப்பு வாக்கும் அதுவும் ஒன்றா? மாணவர் கேட்கிறார்கள், விளங்கப்படுத்த முடியவில்லை.
– ஆசிரியர், திருகோணமலை நகர்

பதில்: நம் பாராளுமன்றத் தேர்தலின் விருப்பு வாக்கோடு குழப்ப வேண்டாம். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலை நினைவூட்டுங்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், நம் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பத்தை எண்ணினார்களே, அதுதான் நெருங்கிய உறவு. வித்தியாசம் இரண்டு. நாம் முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் ஒரே வீச்சில் நீக்கினோம். அங்கே கடைசியில் நிற்பவர்களிலிருந்து படிப்படியாக நீக்குவார்கள். அத்தோடு அங்கே ஒரு தொகுதிக்குப் பல இடங்கள். உள்ளூராட்சித் தொகுதிக்கு மூன்று முதல் ஏழு வரை.

கரும்பலகையில் இப்படிப் போடுங்கள். இடம் 5, செல்லுபடியான வாக்கு 12,000. இடத்தோடு ஒன்றைக் கூட்டி வாக்கை வகுத்து, வந்ததோடு ஒன்றைக் கூட்டினால் வெற்றிக்கான அளவு: 12,000ஐ 6ஆல் வகுத்தால் 2,000, ஒன்று கூட்ட 2,001. ஏன் இந்தக் கணக்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆறு பேர் தலா 2,001 எடுக்க 12,006 வாக்கு வேண்டும், அது இல்லை. ஆகவே ஐந்து பேருக்கு மேல் அந்த அளவைத் தொடவே முடியாது.

முதல் எண்ணலில் அ என்பவருக்கு 2,501 வாக்கு. அவர் வென்றுவிட்டார், மேலதிகம் 500. அவருடைய சீட்டுகள் எல்லாவற்றையும் இரண்டாம் விருப்பப்படி பிரிப்பார்கள். ஆ என்பவருக்கு 1,500, இ என்பவருக்கு 1,000, ஒரு சீட்டில் இரண்டாவது இல்லை என்று வைப்போம். மாற்றக்கூடிய 2,500க்கு மேலதிகம் 500 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. எனவே ஆவுக்கு 300, இக்கு 200 சீட்டுகள் உண்மையாகவே கட்டிலிருந்து எடுத்து மாற்றப்படும். மேலதிகம் முடிந்ததும் கடைசி ஆளை நீக்கி, அவருடைய சீட்டுகளை முழுப் பெறுமதியோடு அடுத்த விருப்பத்துக்குக் கொடுப்பார்கள். இப்படியே போகும். ஐந்து இடமும் நிரம்பும்போது கடைசியாக வருபவர் 2,001ஐத் தொடாமலேயே வெல்வதும் சாதாரணம்.

வாக்கு வீணாவது இப்படித்தான்: ஒரே சீட்டில் இரண்டு பேருக்கு 1 போட்டால் செல்லாது. 1, 2 போட்டு மூன்றைத் தவறவிட்டு 4க்குத் தாவினால், இரண்டுக்குப் பிறகு அந்தச் சீட்டு நகராது. 1 மட்டும் போட்டு நிறுத்தினால், அவர் நீக்கப்பட்டதும் உங்கள் குரலும் அத்தோடு போச்சு. பட்டியலில் ஓரளவு ஏற்கக்கூடிய எல்லோருக்கும் வரிசையாக இலக்கம் போட்டுக்கொண்டே போவதுதான் புத்தி. கீழே போடும் இலக்கம் மேலே போட்டவரை ஒருநாளும் பாதிக்காது. சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில், படத்தோடும் கட்சிச் சின்னத்தோடும் இருக்கும். 2024 ஐரோப்பியத் தேர்தலில் ஒரு தொகுதியில் ஐந்து இடத்துக்கு 27 பேர் நின்றார்கள். எண்ணி முடிக்க நாட்கணக்கானது.

எண்ணும் மண்டபத்தில் பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. அலுவலர்கள் பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளை முகம் மேலே தெரிய விரிக்கும்போதே, தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் கட்சிக்காரர் பென்சிலும் அட்டையுமாகச் சாய்ந்து நின்று, கண்ணில் படுகிற முதல் விருப்பத்தை ஐந்தைந்தாகக் கோடு போட்டுக் கணக்கெடுப்பார்கள். எதிரும் புதிருமான கட்சிகள்கூட இந்தக் கணக்கை ஒன்றாகச் சேர்ந்து எடுத்துப் பகிர்ந்துகொள்வார்கள். உத்தியோகபூர்வ முடிவு இரவில் வந்தாலும் மதியத்துக்குள் யார் கரையேறுவார் என்று தெரிந்துவிடும். பெட்டி எந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்தது என்பதும் தெரியுமென்பதால், எந்தத் தெருப்பக்கம் எத்தனை வாக்குத் தந்தது என்ற கணக்கும் வேட்பாளரின் பையில் இருக்கும். அடுத்த ஐந்து ஆண்டும் அவர் எந்தத் தெருவுக்கு நடப்பார் என்பதை அந்தப் பென்சில் கணக்குத்தான் தீர்மானிக்கும்.

இந்த முறையால் ஒரு நன்மை கண்கூடு. "முதலாவது இன்னாருக்கு என்றால் பரவாயில்லை, இரண்டாவதை எனக்குத் தாருங்கள்" என்று வாசலில் கேட்க வேண்டியிருப்பதால், எதிராளியை வாய்க்கு வந்தபடி ஏசுகிறவருக்கு நட்டம். நம் மேடைகளுக்கு இது பெரிய பாடம் என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: எங்கள் பிரதேச சபை உறுப்பினரைப்போல அவர்களுடைய கவுன்சிலருக்கும் ஏச்சு விழுமா? அவருக்கு என்ன அதிகாரம்?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: தாராளமாக விழும். நாடு முழுவதும் 31 கவுன்சில்கள், 949 உறுப்பினர்கள். அதிகாரம் மிகக் குறைவு. பொலிஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவும் அவர்கள் கையில் இல்லை. தண்ணீர் தேசிய நிறுவனத்திடம் போய்விட்டது. வீட்டுக் குப்பையை எடுப்பது தனியார் கம்பனிகள், மாதாமாதம் வீட்டுக்காரர்தான் காசு கட்ட வேண்டும். எஞ்சியது உள்ளூர் வீதி, தெருவிளக்கு, நூலகம், தீயணைப்பு, பூங்கா, சமூக வீடமைப்பு, காணி அபிவிருத்தித் திட்டம். அதிலும் அன்றாட நிர்வாகம் நியமனம் பெற்ற தலைமை நிறைவேற்று அதிகாரியிடம். இதனால்தான் "நாங்கள் தெரிவுசெய்தவருக்கு அதிகாரமில்லை, அதிகாரமுள்ளவரை நாங்கள் தெரிவுசெய்யவில்லை" என்ற முறைப்பாடு ஊருக்கு ஊர் கேட்கும். 2024இல் லிமரிக் மக்கள் நாட்டிலேயே முதல் தடவையாக மேயரை நேரடியாகத் தெரிவுசெய்தார்கள். அது பலிக்கிறதா என்று மற்ற நகரங்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

வீதிக் குழிதான் நித்தியப் பேச்சு. பாராளுமன்ற உறுப்பினரே சனி ஞாயிறில் ஊர் மண்டபத்தில் உட்கார்ந்து குழி, வீட்டு அனுமதி, அம்மாவின் ஆஸ்பத்திரிக் கட்டில் என்று ஒவ்வொருவர் குறையையும் எழுதிக்கொள்வார். நகரத்துப் படித்தவர்கள் இதைப் பழிப்பார்கள்: சட்டம் இயற்றப் போனவருக்குக் கிராமச் சோலியா என்று. மலைப்பக்கத்து கெரி மாவட்டத்தில் கேட்டால், "வேறு யார் வருவார்" என்பார்கள். அங்கே ஹீலி-ரே குடும்பம் 1997 முதல் சுயேச்சையாக வென்றுகொண்டு வருகிறது. முதலில் தந்தை, பிறகு மகன்மார் இருவர். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் தூரத்துக் கிராமத்தில் பஸ் வராத வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டாவது நியாயம்தான் கனக்கும்.

சனம் ஒன்றுசேர்ந்தால் அரசு பின்வாங்கும் என்பதற்கு அவர்கள் சொல்லும் சாட்சி தண்ணீர்க் கட்டணம். 2014இல் கொண்டுவந்தார்கள். மீற்றர் பூட்ட வந்தவர்களைத் தெருத்தெருவாக மறித்தார்கள். 2016இல் நிறுத்தி வைத்து, 2017இல் கைவிட்டார்கள்.

கட்சி என்று பார்த்தால், 1922-23 உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்றவர்களின் வழிவந்த இரண்டு கட்சிகள், ஃபியனா ஃபோலும் ஃபினா கேலும், 2020இல்தான் முதல் தடவையாக ஒரே அரசாங்கத்தில் உட்கார்ந்தன. 2024 நவம்பர் தேர்தலில் 174 இடங்களில் ஃபியனா ஃபோலுக்கு 48, எதிர்க்கட்சியான ஷின் ஃபேனுக்கு 39, ஃபினா கேலுக்கு 38. ஃபியனா ஃபோலும் ஃபினா கேலும் சேர்ந்தால் 86, பெரும்பான்மைக்குத் தேவை 88. அந்த இடைவெளியில்தான் சுயேச்சைகளின் பேரம் நடக்கிறது, ஊருக்கு ரோட்டும் வருகிறது.

கேள்வி: அங்கத்தைய மீனவர்களின் மனக்குறை என்ன?
– வாசகர், குச்சவெளி

பதில்: ஒதுக்கீடு. எந்த மீனை எத்தனை தொன் பிடிக்கலாம் என்பதை ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுதோறும் வகுக்கிறது. பிரித்தானியா விலகியபோது 2020 உடன்படிக்கையில் ஒரு பங்கு ஒதுக்கீடு அங்கே போனது, அதில் கூடிய இழப்பு அயர்லாந்துக்கே என்பது அவர்கள் வாதம். நாட்டின் மிகப்பெரிய மீன்பிடித் துறைமுகமான டொனெகல் மாவட்டத்துக் கில்லிபெக்ஸில் கானாங்கெளுத்திதான் உயிர்நாடி. தங்கள் கரைக்கு முன்னால் பிறநாட்டுப் பெரிய கப்பல்கள் இழுத்துக்கொண்டு போக, தங்கள் படகு கட்டிக் கிடக்கிறது என்ற ஆற்றாமை உங்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த வேண்டியதல்ல.

கேள்வி: அயர்லாந்தில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை எடுத்துத் தருவதாக ஒருவர் பெருந்தொகை கேட்கிறார். "வேர்க் பேர்மிட்டுக்கு முதலாளி கட்டுகிற காசு" என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, மூதூர்

பதில்: கொடுக்க வேண்டாம். அனுமதிக் கட்டணம், ஆட்சேர்ப்புச் செலவு என்று வேலைகொள்வோர் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கழிப்பதோ அவரிடமிருந்து மீட்பதோ ஐரிஷ் சட்டப்படி குற்றம். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் அப்படியே. வேலை தேடிக்கொடுப்பதற்காக வேலை தேடுபவரிடம் அங்குள்ள முகவர் நிறுவனம் காசு வாங்கவும் முடியாது. இங்குள்ள முகவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று பணியகத்திலேயே விசாரியுங்கள்.

ஒழுங்கான வழி இது. முதலில் இல்லம் அந்த வேலையை 28 நாள் விளம்பரப்படுத்தி, ஐரோப்பாவுக்குள் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். அந்த இல்லத்தின் ஊழியரில் குறைந்தது பாதிப் பேர் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தவராக இருக்கவும் வேண்டும். பிறகு கையொப்பமிட்ட ஒப்பந்தத்தோடு பொது வேலை அனுமதிக்கு இணையவழி விண்ணப்பம். இரண்டு ஆண்டுக்கான கட்டணம் 1,000 யூரோ. மறுத்தால் 90 வீதம் திருப்பித் தருவார்கள். அனுமதி கையில் வந்த பிறகுதான் நீண்டகால டி வகை வீசா. போய் இறங்கியதும் குடிவரவுப் பதிவு, அட்டைக்கு 300 யூரோ. இந்த வரிசை மாறாது. "முதலில் சுற்றுலா வீசாவில் போ, பிறகு மாற்றலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பராமரிப்பு உதவியாளரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2024 ஜனவரியில் 30,000 யூரோவாக்கப்பட்டது. அதன்பிறகும் படிப்படியாக ஏற்றும் திட்டம் உள்ளதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள தொகையை ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் அனுமதி கிடைக்காது. பராமரிப்புத் துறையில் ஐந்தாம் மட்டத் தகுதி ஒன்றை வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதைச் சொல்லாத முகவர்கள் அதிகம்.

இல்லம் உண்மையானதா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அங்குள்ள முதியோர் இல்லங்கள் எல்லாம் ஹிக்வா என்ற கண்காணிப்பு அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். அதன் தளத்தில் இல்லத்தின் பெயர், நடத்தும் கம்பனி, கட்டில் எண்ணிக்கை, பரிசோதனை அறிக்கை எல்லாம் கிடைக்கும். கடிதத் தலைப்பில் உள்ள கம்பனிப் பெயரும் அந்தப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அறிக்கையில் உள்ள தொலைபேசிக்கு அழைத்து, இப்படி ஒருவருக்கு வேலை கொடுத்தீர்களா என்று கேளுங்கள். கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைக்க வேண்டாம்.

போய்ச் சேர்ந்து பொருந்தாவிட்டால் மாட்டிக்கொண்டோம் என்று நினைக்கவும் வேண்டாம். 2024 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, முதல் வேலையில் ஒன்பது மாதம் முடிந்தால் அதே வகை வேலையில் வேறு முதலாளியிடம் மாற விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: தம்பி டப்ளினில் படித்துக்கொண்டு உணவகத்தில் வேலை செய்கிறான். முதல் சம்பளத்தில் பாதி வரியாகப் போய்விட்டதாம். இப்படியுமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: போனது அவசர வரி. மீட்கலாம். பி.பி.எஸ். இலக்கத்தை முதலாளியிடம் கொடுக்காமல் வேலை தொடங்கினால் முதல் யூரோவிலிருந்தே 40 வீத வருமான வரியும் 8 வீத சமூக வரியும் வெட்டுவார்கள். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 14.15 யூரோ. மாணவர் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்யலாம், அதாவது 283 யூரோ. அவசர வரியில் 135.84 போக 147தான் மிஞ்சும். ஒழுங்காகப் பதிந்தால் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரியே வராது, ஏனென்றால் தனியாளுக்கு ஆண்டுக்கு 4,000 யூரோ வரிக்கழிவு இருக்கிறது.

தம்பி செய்ய வேண்டியது: பி.பி.எஸ். இலக்கம் எடுத்து, வரித் திணைக்களத்தின் இணையக் கணக்கைத் திறந்து, அதில் இந்த வேலையைத் தானே பதிவது. இலக்கத்தை முதலாளியிடம் கொடுத்ததோடு முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பிழைக்கிறது. வேலையைப் பதிந்ததும் திணைக்களம் முதலாளிக்கு அறிவித்தல் அனுப்பும், கூட வெட்டியது அடுத்த சம்பளத்தோடு திரும்பும்.

சம்பளச் சீட்டு ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்க வேண்டும், அது சட்ட உரிமை. நாலரை மணித்தியாலம் தாண்டினால் 15 நிமிட ஓய்வு, ஆறு தாண்டினால் 30 நிமிடம். பகுதிநேரத்தாருக்கு வேலை செய்த மணித்தியாலத்தில் 8 வீதம் சம்பள விடுமுறை. 20 மணித்தியாலத்துக்கு 1.6. விலகும்போது எடுக்காத விடுமுறைக்குக் காசு தர வேண்டும், மாணவர் பலர் இதைக் கேட்காமலே வந்துவிடுகிறார்கள். 13 வாரம் முடிந்தால் ஆண்டுக்கு ஐந்து நாள் சுகவீன விடுமுறை, சம்பளத்தில் 70 வீதம், நாளுக்கு 110 யூரோ உச்சம், வைத்தியச் சான்றிதழ் அவசியம். வாடிக்கையாளர் அட்டையில் தரும் சந்தோசக் காசைச் சம்பளத்தின் பகுதியாகக் காட்டுவது 2022 டிசம்பர் முதல் தடை. அதை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று கடையில் அறிவித்தல் தொங்க வேண்டும்.

தராமல் ஏய்த்தால் வேலைத்தல உறவுகள் ஆணைக்குழுவுக்கு இணையத்தில் முறையிடலாம். கட்டணமில்லை, ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். வேலை அட்டவணையை வாரா வாரம் தொலைபேசியில் படமெடுத்து வைத்திருப்பவரின் முறைப்பாடுதான் நிற்கும். ஞாபகத்திலிருந்து சொல்லும் மணித்தியாலத்தை எதிர்த்தரப்பு இலேசாக உடைத்துவிடும்.

கேள்வி: சம்பளம் நல்லது என்கிறீர்கள். பிறகேன் ஐரிஷ் பிள்ளைகளே அவுஸ்திரேலியா போகிறார்கள்?
– வாசகி, நிலாவெளி

பதில்: வீடு. இந்த ஒரு சொல்லில்தான் அவர்களுடைய வேலைப் பேச்சும் அரசியல் பேச்சும் வந்து முட்டும். தாதியும் ஆசிரியரும் டப்ளினில் வாடகை கட்டி மிச்சம் பிடிக்க முடியாமல் முப்பது வயதிலும் பெற்றோர் வீட்டில் இருக்கிறார்கள். போகிற உங்கள் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்: வீட்டுக்காரர் முற்பணமாக ஒரு மாத வாடகையும் உத்தரவாதமாக இன்னொரு மாத வாடகையும் மட்டுமே கேட்கலாம். வீட்டை நேரில் பார்க்காமல் இங்கிருந்தே காசு அனுப்பவே கூடாது. படத்தில் மட்டும் இருக்கிற வீட்டுக்குப் பணம் கட்டி, இறங்கிய அன்றே தெருவில் நிற்பவர்கள் மாணவர்கள்தான்.

கேள்வி: யூடியூப்பில் ஹர்லிங் பார்த்தேன். மட்டையால் தலைக்கு மேலே வீசுகிறார்கள். 3-27, 1-18 என்று போடுகிறார்கள். ஒன்றும் புரியவில்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. விளக்குங்கள்.
– மாணவர், திருகோணமலை

பதில்: ஹர்லிங் அயர்லாந்தின் பாரம்பரிய மட்டைப்பந்து ஆட்டம். நீங்கள் பார்த்தது மாவட்டங்களுக்கிடையிலான அகில அயர்லாந்து 2025 இறுதிப்போட்டியாக இருக்கும். டிப்பரரி கோர்க்கை அந்த எண்ணிக்கையில்தான் வென்றது. முதல் இலக்கம் கோல், இரண்டாவது புள்ளி. குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று. கம்பிக்கு மேலே இரண்டு கம்பங்களுக்கிடையில் பறந்தால் ஒன்று. ஆக 3-27 என்பது 36, 1-18 என்பது 21. பக்கத்துக்கு 15 பேர். மாவட்ட அணிகளுக்கு 70 நிமிடம். மைதானம் 130 முதல் 145 மீற்றர் நீளம், நம் மக்கெய்சர் மைதானத்து உதைபந்தாட்டத் திடலைவிடப் பெரிது.

பந்தைக் கையால் நிலத்திலிருந்து எடுக்கக் கூடாது. மட்டை நுனியால் உருட்டித் தூக்க வேண்டும். கையில் வைத்து நாலு காலடிதான் எடுத்து வைக்கலாம். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் மட்டையின் தட்டையில் பந்தை நிறுத்திக்கொண்டு ஓட வேண்டும். அதுதான் உங்களைக் கண்ணெடுக்க விடாத காட்சி. பந்து உள்ளே தக்கை, மேலே தோல், தையல் விளிம்பு வெளியே புடைத்திருக்கும். நிறை 110 முதல் 120 கிராம். அடிப்பவருக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, அவர் மட்டை இறங்கும் வழியில் தன் மட்டையை நீட்டிக் கொக்கி போடுவது தடுப்பாட்டத்தின் உச்சம். தலைக்கவசம் 2010 முதல் எல்லோருக்கும் கட்டாயம்.

மட்டை ஆஷ் மரத்தில் செய்வது. மரத்தின் அடிப்பகுதி, வேர் விரியத் தொடங்கும் ஒன்றேகால் மீற்றர் அளவு துண்டுதான் வேண்டும். அங்கே மர இரேகை தானாகவே வளைந்து போகும், அந்த வளைவிலேயே மட்டையின் தட்டையை வெட்டுவார்கள். நேரான பலகையில் வெட்டினால் இரேகை குறுக்கே அறுந்து, முதல் மோதலில் பிளக்கும். தட்டையின் நுனியில் தகரப் பட்டி அடிப்பதும் பிளவைத் தடுக்கத்தான். 2012இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்ட பூஞ்சண நோய் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டு வருகிறது. மரத்தை வெளியிலிருந்து தருவிக்கிறார்கள், மூங்கில் மட்டையும் செயற்கை மட்டையும் வந்துவிட்டன. அவற்றின் அடி சரியில்லை, சத்தம் சரியில்லை என்று பழையவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

கிரிக்கெட் ஆடிப் பழகிய நீங்கள் மட்டையைப் பிடித்தால் செய்யும் முதல் பிழை கை வரிசை. கிரிக்கெட்டில் வலக்கைத் துடுப்பாட்டக்காரருக்கு இடக்கை மேலே. ஹர்லிங்கில் பலமான கை மேலே. பந்தைப் பிடிக்க மற்றக் கை விடுபட வேண்டும், மேலே உள்ள கை ஒன்றே மட்டையைக் கட்டுப்படுத்த வேண்டும், அதனால்தான். நிமிர்ந்து நின்று மட்டையைக் காலோரம் ஊன்றினால் பிடி இடுப்பெலும்பு மட்டத்துக்கு வர வேண்டும். பெரும்பாலானோர் நீளமான மட்டையை வாங்கி, அடிக்க நேரம் போதாமல் தவிப்பார்கள்.

ஆட்டக்காரர் யாருக்கும் சம்பளமில்லை. 82,300 பேர் நிறைந்த டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் ஞாயிறு ஆடியவர் திங்கள் வகுப்பறையிலோ பண்ணையிலோ நிற்பார். வேறு மாவட்டம் காசுக்கு வாங்கவும் முடியாது. வளர்ந்த ஊரின் கழகத்துக்கும் அந்த மாவட்டத்துக்கும்தான் ஆடுவார்கள். அதனால் வாதம் எல்லாம் ஊர்வாதம். கில்கென்னிக்காரர் தங்கள் 36 அகில அயர்லாந்து வெற்றியைச் சொல்வார். லிமரிக்காரர் 2018இலும் 2020 முதல் 2023 வரை தொடர்ந்தும் வென்றதைச் சொல்வார். கேலிக் உதைபந்தாட்டத்தில் (பந்தைக் கையாலும் ஆடும் அயர்லாந்தின் சொந்த உதைபந்தாட்டம்) மேயோ மாவட்டம் கடைசியாக வென்றது 1951. அந்த மாவட்டத்தாரிடம் இறுதிப்போட்டி பற்றி மெதுவாகப் பேச்செடுங்கள். இறுதிப்போட்டிகளை செப்டெம்பரிலிருந்து ஜூலைக்கு மாற்றியது சரியா என்பது இப்போதைய பெரிய பிரிவு. கழக ஆட்டக்காரருக்கு ஒழுங்கான பருவம் கிடைத்தது என்று ஒரு பக்கம், ஆகஸ்ட் மாதத்தையே மற்ற விளையாட்டுகளுக்குத் தாரைவார்த்துவிட்டோம் என்று மறுபக்கம். கழகத்தின் நன்மையைப் பார்த்தால் ஜூலைதான் சரி.

கேள்வி: பெண்பிள்ளைகள் ஆடுவதில்லையா?
– விளையாட்டு ஆசிரியை, மூதூர்

பதில்: ஆடுகிறார்கள், பெயர் கமோகி. ஹர்லிங்கின் விதிகளோடு சிறு வித்தியாசங்கள். நீண்ட காலம் பாவாடை வடிவக் காற்சட்டைதான் போட வேண்டும் என்று விதி இருந்தது. ஆட்டக்காரிகள் சாதாரணக் காற்சட்டையில் மைதானத்துக்கு வந்து எதிர்த்தார்கள். 2025 மே மாதத்து விசேட மாநாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரதிநிதிகளும் விரும்பியதை அணியலாம் என்று வாக்களித்தார்கள். உடையைத் தீர்மானிக்க ஆடுகிறவரிடம் கேட்க வேண்டும் என்ற சின்ன விஷயத்துக்கு இவ்வளவு காலம் எடுத்தது பெரிய குறை.

கேள்வி: அயர்லாந்து டெஸ்ட் நாடுதானே, அங்கே கிரிக்கெட் பேச்சே இல்லையாமே?
– வாசகர், சீனக்குடா

பதில்: டெஸ்ட் தகுதி 2017இல் கிடைத்தது. 2023 ஏப்ரலில் காலியில் இரண்டு டெஸ்டிலும் நம்மிடம் இனிங்ஸ் தோல்வி கண்டார்கள். பிரபாத் ஜயசூரிய ஏழாவது டெஸ்டிலேயே 50 விக்கெட்டைத் தொட்டது அங்கேதான். 2007 உலகக் கிண்ணத்தில் பாகிஸ்தானையும் 2011இல் இங்கிலாந்தையும் வென்றபோது நாடே திரும்பிப் பார்த்தது, பிறகு மறந்தது. காரணம் பழையது. 19ஆம் நூற்றாண்டில் கில்கென்னி, டிப்பரரிப் பக்கமெல்லாம் கிரிக்கெட் ஆடினார்கள். ஹர்லிங்கையும் கேலிக் உதைபந்தாட்டத்தையும் நடத்தும், 1884இல் தொடங்கிய ஜி.ஏ.ஏ. அமைப்பு, கிரிக்கெட், ரக்பி, உதைபந்தாட்டம், ஹொக்கி ஆடுகிற உறுப்பினரை விலக்கும் தடையை 1971 வரை வைத்திருந்தது. 1920இல் பிரித்தானியப் படை குரோக் பார்க்கில் சுட்டு 14 பேரைக் கொன்ற வரலாறும் இருக்க, அந்தக் கடுமை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். 2007இல் அதே மைதானத்தில் இங்கிலாந்தோடு ரக்பி ஆடி 43-13 என்று வென்றார்கள். இன்று கழகக் கிரிக்கெட் அணிகள் பலவற்றில் தெற்காசியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளை பந்து போடுவான் என்றால் இடம் நிச்சயம்.

கேள்வி: மகன் குடும்பம் கால்வே பக்கம் போய்விட்டது. பேரனை அந்த ஊர்க் கழகத்தில் சேர்க்க என்ன செய்ய வேண்டும்?
– பாட்டனார், திருக்கடலூர்

பதில்: வாழும் இடத்துக்குரிய கழகம் எதுவென்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்வார்கள். வயதுப் பிரிவுப் பயிற்சி பெரும்பாலும் சனி காலை. முதல் சில வாரம் கழக மட்டையையே இரவல் தருவார்கள், உடனே வாங்க வேண்டாம். ஹர்லிங் என்றால் தலைக்கவசம், கேலிக் உதைபந்தாட்டம் என்றால் வாய்க் காப்பு இரண்டும் கட்டாயம். ஆண்டுச் சந்தாவைக் கட்டி இணையத்தில் பதிவை முடித்த பிறகே மைதானத்தில் இறக்குங்கள். பதியாத பிள்ளைக்குக் காயம் பட்டால் கழகத்தின் காயநிதி கைகொடுக்காது.

மகனையும் மருமகளையும் வாசலில் இறக்கிவிட்டுப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். கோடு போட, பந்து பொறுக்க, தேநீர் ஊற்ற ஆட்கள் எப்போதும் தேவை, எல்லாம் இலவசச் சேவை. பிள்ளைகளோடு நின்று பயிற்சி கொடுக்க விரும்பினால் பொலிஸ் சரிபார்ப்பும் சிறுவர் பாதுகாப்புப் பயிற்சியும் முடிக்க வேண்டும். சரிபார்ப்புக்கு முன்பு வாழ்ந்த முகவரிகள் எல்லாம் கேட்பார்கள், திருகோணமலை முகவரி உட்பட. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று இப்போதே எழுதி அனுப்பி விடுங்கள், இடைவெளி இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். கவுன்சிலர் தேர்தல் காலத்தில் கை கொடுக்க வருவதும், யார் வீட்டு அறை வாடகைக்கு வருகிறது என்ற செய்தி முதலில் கிடைப்பதும் அந்தக் கோட்டோரத்தில்தான்.